‘பாத்துக்கலாம்’ – எந்தத் தேதியில்?

(எர்ணாகுளம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் கூட்டம் காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தது. நாம் ஆரம்பித்தபோது மணி பத்தே முக்கால். நேரத்தைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது. யாரையும் குறை சொல்லவில்லை. நானே பத்து இருபதுக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஃபோர்ட் கொச்சியில் வாட்டர் மெட்ரோ படகைத் தவறவிட்டு அடுத்த படகுக்காக நின்றேன். தவறவிட்டதற்குக் காரணம், இன்று ஜரிகைக் கரை வேஷ்டியா சாதாரணக் கரையா என்று பத்து நிமிஷம் பீரோ முன்னால் நின்றதுதான். ஆத்துக்காரி எதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தாள்.

காரியதரிசி எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நல்ல சிந்தனைப் பழக்கங்களும் நேர நிர்வாகமும்’. இந்தத் தலைப்பில் கடைகளில் அலமாரி அலமாரியாகப் புஸ்தகங்கள் கிடைக்கின்றன. விடியற்காலையில் எழுந்திரு, டைரி எழுது, முக்கியமானதை முதலில் செய் என்று எல்லாம் சரியான உபதேசங்கள்தான். நம் பாட்டிகளும் அதையேதான் சொன்னார்கள். நான் அவற்றைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அறுபத்தெட்டு வயதில், இடது கண்ணில் பாதிப் பார்வையோடு உங்கள் முன் நிற்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நம் நேரத்தைத் தின்பது வேலை அல்ல, முடிவெடுக்காமல் வைத்திருக்கும் காரியங்கள். கண்ணைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் மட்டாஞ்சேரி.

என் தகப்பனார் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இருபது வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். பஜாரில் மலைச்சரக்கு வியாபாரம் செய்த ஒரு குஜராத்தி சேட்டின் கடையில் கணக்கெழுதினார். மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள். சாயங்காலம் அவர் வாசல்படி ஏறுவதற்கு முன்பே அவர் சட்டையில் ஒட்டிய சுக்கு வாசனை ஏறிவிடும். பக்கத்திலேயே ஜூ டவுனில் மிளகின் முன்பேர வியாபாரம் நடந்த கூடம் இருந்தது. 1957-ல் தொடங்கிய வியாபாரிகள் சங்கம் அது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அங்கே விலையைக் கூவித்தான் வாங்கினார்கள், கூவித்தான் விற்றார்கள். சிறுவனாக இருந்தபோது வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். சண்டை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல ஆசை. அந்த முன்பேர வியாபாரத்துக்கு வடக்கத்தி வியாபாரிகள் வைத்திருந்த பெயர் ‘வாயிதா’. இன்ன தேதியில் இன்ன சரக்கைத் தருகிறேன் என்று கொடுக்கிற வாக்கு. அதே அரபிச் சொல்தான் நம் கோர்ட்டுகளில் ‘வாய்தா’ ஆகிக் கேஸைத் தள்ளிப்போடுவதற்குப் பெயராக இருக்கிறது. ஒரே சொல், ஒரு தெருவில் தேதிக்குக் கட்டுப்படுவது, இன்னொரு தெருவில் தேதியைத் தட்டிக்கழிப்பது. நம்மில் பெரும்பாலோர் வாழ்வது இரண்டாவது தெருவில்.

அப்பாவுக்கு வருவோம். நாள்வழியும் பேரேடும் கடையின் சொத்து. அவை கடையிலேயே இருக்கும். அவர் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி நாற்பது பக்க நோட்டு. மேல் அட்டையில் ‘பாக்கி’ என்று எழுதியிருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து, அன்று முடியாமல் போன சொந்தக் காரியங்களை மட்டும் எழுதுவார். இடது பக்கம் காரியம், வலது பக்கம் தேதி. ‘சமையலறை ஓடு மாற்ற – மேடம் 20, ஆள் சொல்லியாச்சு.’ ‘அத்தைக்கு லெட்டர் – ஞாயிறு காலை.’ தேதி போட முடியாத காரியம் எதையும் அதில் எழுதமாட்டார். தேதி வரவில்லையென்றால் அந்தக் காரியம் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு தடவை, கிராமத்தில் இருந்த எங்கள் பங்குத் தோப்பை வாங்கிக்கொள்வதா என்று சித்தப்பா கேட்டிருந்தார். இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா நோட்டை மூடினார். நான், “ஏம்ப்பா, எழுதலையா?” என்றேன்.

“வேண்டாம்னு வெச்சுட்டேன்டா. வேண்டாம்கறதும் ஒரு தீர்மானமாக்கும். ‘பாத்துக்கலாம்’னு சொல்றது இருக்கே, அதுதான் ஒண்ணுமில்லாதது. மறுநாளும் அதையே யோசிக்கணும்.”

அந்த நோட்டை மூடிய பிறகு அவர் முகம் லேசாகிவிடும். படுத்த ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்கும். அவருக்குக் கவலை இல்லாததால் தூங்குகிறார் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். ஐந்து குழந்தைகள், கணக்கெழுதும் சம்பளம். கவலை இல்லாமல் எப்படி?

இதற்கு விளக்கம் ரிடையர் ஆன பிறகு படித்த புஸ்தகங்களில் கிடைத்தது. 1927-ல் பெர்லினில் ஆராய்ச்சி செய்த ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி, முடிந்த வேலையைவிடப் பாதியில் நிற்கும் வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்று எழுதினார். பிற்பாடு அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் வெளியிட்ட சோதனை எனக்கு அப்பாவின் நோட்டை அப்படியே நினைவுபடுத்தியது. முடிக்காத காரியம் ஒன்றை நினைவூட்டிவிட்டு, ஆட்களுக்கு வேறு எதையோ படிக்கக் கொடுத்தார்கள். மனம் அதில் நிற்கவில்லை; முடியாத காரியத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது. சிலரிடம் மட்டும், அந்தக் காரியத்தை எப்படி முடிப்பீர்கள் என்று திட்டமாக எழுதச் சொன்னார்கள். அவர்கள் மனம் ஓடவில்லை. கவனியுங்கள், காரியம் இன்னும் முடியவில்லை. எப்படி, எப்போது என்று தீர்மானித்ததே மனதுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பாவின் குறட்டைக்கு அதுதான் காரணம்.

இது வீட்டுக்கு மட்டும் பொருந்துகிற சமாசாரம் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர்களில் சிலர் இன்று பைபாஸ் ரோடு வழியாக வந்திருப்பீர்கள். பாலாரிவட்டம் மேம்பாலத்தில் ஏறி இறங்கியிருப்பீர்கள். அந்தப் பாலத்தின் கதையை எர்ணாகுளத்துக்காரர்கள் மறக்கவில்லை. 2016 அக்டோபரில் திறந்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, விரிசல் கண்டு 2019 மே மாதம் மூடிவிட்டார்கள். பிறகு, பாரச் சோதனை செய்து பார்த்தால் போதுமா, மேல்கட்டை அகற்றிப் புதிதாகக் கட்ட வேண்டுமா என்று தர்க்கம். ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று போய், 2020 செப்டம்பர் 22-ந் தேதி உத்தரவு வந்தது. அதே மாதம் 28-ந் தேதி, இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் தில்லி மெட்ரோ நிறுவனம் வேலையை ஆரம்பித்தது. 2021 மார்ச் 7-ந் தேதி பாலத்தில் வண்டிகள் ஓடின.

இதைக் கணக்குப் பிள்ளையின் மகனாகக் கூட்டிப் பார்த்தேன். வேலை நடந்தது ஐந்து மாதமும் சில நாட்களும். அதற்கு முன் தீர்மானத்துக்காகப் பாலம் காத்துக் கிடந்தது ஏறக்குறைய பதினேழு மாதம். கோர்ட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன, கேட்டார்கள். அதில் தப்பு சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஜங்ஷனில் பஸ்ஸில் உட்கார்ந்து வியர்த்தவர்கள் எல்லோரும் வேலை தாமதமாகிறது என்றுதான் திட்டினார்கள். வேலை தாமதமாகவே இல்லை.

ஸ்ரீதரன் நம் பாலக்காட்டு ஜில்லாக்காரர், 1932-ல் பிறந்தவர். அவர் வேகமாக வேலை வாங்குகிறவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேகம் அல்ல, வேலை தொடங்கும் முன் அவர் யோசிக்கிற விதம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பன் ரயில் பாலத்தின் தூலங்கள் பெரும்பாலும் கடலுக்குள் போனதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். முப்பத்திரண்டு வயது ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். எப்படி? புதிய தூலங்கள் செய்து கொண்டுவருவதுதான் அதிக நாளைத் தின்னும். அதனால் கடலுக்கடியில் கிடந்த பழைய தூலங்களையே தேடித் தூக்கி மறுபடி ஏற்றினார். ஆட்களை விரட்டி மட்டும் இத்தனை நாள் மிச்சமாகியிருக்காது. எந்த இடத்தில் நாள் போகப்போகிறது என்று முதலில் பார்த்ததில் மிச்சமானது. அந்தப் பாலம் அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது. 2025 ஏப்ரலில்தான் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள்.

நம் ஊர்க் கப்பல் கட்டும் தளத்துக்கு அவர் 1979-ல் தலைவராக வந்தார். அங்கே கட்டிய முதல் கப்பலான ராணி பத்மினி 1981-ல் நீரில் இறங்கியது அவர் காலத்தில்தான். தில்லி மெட்ரோ வேலை நடந்த இடங்களில் அவர் வைத்த கடிகாரத்தைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். சாதாரணக் கடிகாரம் எத்தனை நேரம் போயிற்று என்று காட்டும். அது பின்னோக்கி ஓடியது. முடிக்க வேண்டிய தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டியது. அப்படிப்பட்டவர் இரவெல்லாம் ஆபீஸில் இருந்தார் என்று நினைக்காதீர்கள். நேரத்துக்கு வந்து, சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்குப் போனவர் என்றுதான் அவருக்குப் பெயர்.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. கொச்சி மெட்ரோவுக்கு 2013 ஜூனில் வேலை தொடங்கியபோது மூன்று வருஷம் என்றார்கள். ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை முதல் ரயில் ஓடியது 2017 ஜூனில். நிலம் கிடைப்பதற்கே நாள் போயிற்று. அவர் கையில் இல்லாத தீர்மானங்கள் அவரையும் காக்க வைத்தன.

நாள் கணக்கு தப்பாவது பெரிய அறிவாளிகளுக்கும் நடப்பதுதான். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமென், 2024-ல் காலமானவர், தன் கதையையே எழுதியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிக்கூடத்துக்காக ஒரு பாடப் புஸ்தகம் தயாரிக்க ஒரு குழு. எவ்வளவு நாள் ஆகும் என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள்; சராசரி இரண்டு வருஷம். பிறகு அனுபவசாலி ஒருவரிடம், இந்த மாதிரிக் குழுக்களுக்கு வழக்கமாக எவ்வளவு ஆகிறது என்று கேட்டார் கானமென். அவர் முகம் வாடியது. நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு வருஷத்துக்குக் குறையவில்லை என்றார். இரண்டு வருஷம் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர்! கடைசியில் எட்டு வருஷம் ஆயிற்று. ‘எனக்கு எவ்வளவு ஆகும்’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘மற்றவர்களுக்கு எவ்வளவு ஆயிற்று’ என்று கேளுங்கள் என்பது அவர் சொல்லும் யோசனை. பெண் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிறவர்களும், வீடு கட்டுகிறவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது என் கண்ணுக்கு வருகிறேன்.

2001-ல் அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். க்ளாக்கோமா. இந்த வியாதி பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரத்துப் பார்வையை மெள்ள மெள்ள அரித்துக்கொண்டு வரும். நடுப் பார்வை கடைசி வரை தெளிவாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. போன பார்வை திரும்பி வராது. முன்னதாகப் பார்த்துச் சொட்டு மருந்து போட்டால், இருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு மருந்து எழுதிய டாக்டர் என்னைப் பார்த்து, “பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்றார். எனக்கு அப்போது நாற்பத்து நாலு. “ஆகட்டும் டாக்டர், பாத்துக்கறேன்” என்றேன்.

பாத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஆடிட், அடுத்த மாதம் பெண்ணுக்குப் பரீட்சை, பிறகு மழைக்காலம், பிறகு சபரிமலை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நான் சோம்பேறி இல்லை. ஆபீஸில் ஒரு ஃபைல் என் மேஜையில் மூன்று நாளுக்கு மேல் தங்கியது கிடையாது. நேர நிர்வாகத்தைப் பற்றி ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், நம்புங்கள்!

2013-ல் ஒரு நாள் சாயங்காலம் எர்ணாகுளம் ஜெட்டியில் படகிலிருந்து இறங்கும்போது, இடது பக்கம் நின்ற ஒரு சின்னக் குழந்தையின் மேல் மோதிக் கீழே தள்ளிவிட்டேன். குழந்தைக்கு அடி ஒன்றும் இல்லை. அதன் தாயார் கேட்டாள், “கண்ணு காணில்லே சாரே?” கோபத்தில் கேட்ட கேள்விதான். படகுத்துறையிலேயே நின்று வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது பக்கம் ஜெட்டி இல்லை, தண்ணீர் இல்லை, ஒன்றுமே இல்லை.

மறுநாள் பரிசோதனை. உள்ளே போய் வெளியே வர மொத்தம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்ட காரியத்துக்கு நாற்பது நிமிஷம். “போனது போனதுதான். இருக்கிறதைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கலாம்” என்றார் டாக்டர். அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து. ஒரு நாள்கூடத் தவறவில்லை. இப்போது தவறாமல் இருந்து என்ன!

இதைவிட எனக்கு வலித்தது வேறு. அப்பா 2009-ல் காலமானார். அவருடைய ‘பாக்கி’ நோட்டுகளை அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். கண் போனது தெரிந்த வாரம், ஏதோ தோன்றி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 2001 நோட்டில், அப்பாவின் குண்டு எழுத்தில், ‘பெரியவன் கண் பரிசோதனை’ என்று இருந்தது. எதிரே ஒரு தேதி. அது அடிக்கப்பட்டு, இன்னொரு தேதி. அவர் கேட்கும்போதெல்லாம் நான் வாயில் வந்த ஒரு தேதியைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அவர் அதை நம்பி எழுதியிருக்கிறார். அடுத்த நோட்டு, அடுத்த நோட்டு என்று அந்த வரியை எட்டு வருஷம் கொண்டுவந்திருக்கிறார். தேதி இல்லாத காரியத்தை எழுதாதவர், வேண்டாம் என்று விட்டுவிடவும் மனமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்த ஒரே வரி அதுதான். கடைசி நோட்டில், சொட்டு மருந்து போட்டும் மங்கிப்போன கண்ணோடு எழுதியது, கோடு தாண்டிப் போயிருக்கிறது.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நமக்கெல்லாம் பழக்கமான ஒன்றைப் பற்றி யோசித்துப் பாருங்கள். எந்தக் கர்மாவுக்கும் முன்னால் சங்கல்பம் செய்கிறோம். அதில் என்ன சொல்கிறோம்? எந்த வருஷம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாதம், எந்தப் பக்ஷம், எந்தத் திதி, என்ன கிழமை, என்ன நக்ஷத்திரம், எந்த தேசத்தில் இருக்கிறோம் என்று அடுக்கிவிட்டுத்தான் இன்னதைச் செய்கிறேன் என்கிறோம். சாஸ்திரிகள் வேகமாகச் சொல்ல, நாம் அரைத் தூக்கத்தில் பின்னால் சொல்கிறோம். எங்கே, எப்போது, என்ன என்ற மூன்றையும் கட்டாமல் ஒரு காரியத்தைத் தொடங்குவதில்லை என்பது அதில் எவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது!

பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய மனோதத்துவப் பேராசிரியர் தொண்ணூறுகளில் இதையே வேறு வழியில் கண்டுபிடித்தார். கல்லூரி மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும் வேலையைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்தவர்களில் முடித்தவர்கள், குறிக்காதவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு கூட்டத்துக்கும் ஆசை ஒன்றுதான். ‘செய்ய வேண்டும்’ என்ற ஆசை எனக்கும் பன்னிரண்டு வருஷம் குறைவில்லாமல் இருந்தது.

நான் இப்போது செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அப்பாவின் நோட்டையே வைத்திருக்கிறேன். அவர் பழக்கத்தோடு நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: ஒரு காரியத்தின் தேதியை இரண்டு தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது. மூன்றாவது தடவை வந்தால், உடனே செய்ய வேண்டும், அல்லது வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று எழுதிய காரியங்களும் நிறைய இருக்கின்றன. சம்ஸ்க்ருதம் எம்.ஏ. படிப்பது அதில் ஒன்று. பத்து வருஷமாக என்னை அரித்தது, எழுதிய ராத்திரியே போய்விட்டது.

ரிடையர் ஆனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நமக்கு நேரம் நிறைய இருப்பதுதான் ஆபத்து. பார்க்கின்ஸன் என்ற ஆங்கிலேயர் 1955-ல் எழுதிய கட்டுரையில், வேலையில்லாத ஒரு மூதாட்டி மருமகளுக்கு ஒரு தபால் கார்டு எழுத ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொள்வாள் என்று வேடிக்கையாகச் சொல்வார். கண்ணாடி தேட ஒரு மணி, விலாசம் தேட அரை மணி. நான் ஆபீஸில் இருந்த காலத்தில் பாங்க் வேலையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடுவேன். இப்போது பாங்குக்குப் போவது என்றால் முதல் நாளே பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. ‘எப்போ வேணும்னாலும் செய்யலாம்’ என்பது ‘பாத்துக்கலாம்’ என்பதன் தம்பி.

இனி என் பிள்ளைகள். மகன் பெங்களூரில், நாற்பது ஆகப்போகிறது. பெண் சென்னையில். இருவரிடமும் தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் போய்விட்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. மகன் ஒவ்வொரு தடவையும், “பாத்துக்கலாம்ப்பா, இந்த ரிலீஸ் முடியட்டும்” என்பான். நான் அவன் வயதில் சொன்ன அதே பதில், அதே குரல். கோபித்துப் பார்த்தேன், அவன் அம்மாவை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். போன மாதம் கோபத்தை விட்டுவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து தாத்தாவின் நோட்டுகளின் அந்தப் பக்கங்களை எல்லாம் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரே ஒரு வரி வந்தது: ‘சனிக்கிழமை 10.30, ஜயநகர்.’

வரும் சனிக்கிழமைதான் அது. என் நோட்டில் எழுதியிருக்கிறேன். போன வாரச் சனிக்கிழமையைத்தான் முதலில் சொன்னான். ஒரு தடவை அடித்தாயிற்று.

உங்கள் நாற்காலிகளில் ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். மனதில் அரித்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு காரியம், தேதி, மணி, இடம் என்று அதில் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது தாண்டியவர்கள், ஆத்தில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேனா இல்லாதவர்களுக்குப் பொருளாளர் வாசல் மேஜையில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். இலை பன்னிரண்டரைக்குப் போடுவதாகச் சமையல் மாமா சொல்லியிருக்கிறார். இப்போது மணி பன்னிரண்டு இருபது. நமஸ்காரம்.